ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

ஓசூரில் கணினி வேலை பார்க்கும் பூவரசனுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம் புத்தி சொல்வது. முதன்முதலாக இணையதளம் கட்ட நினைப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, தினம் ஓர் அறிவுரை போடுவான். இத்தனைக்கும் சொந்தமாக அவன் ஒன்றுகூடக் கட்டியதில்லை.

அந்தக் குறையும் எதற்கு என்று, மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தன் ஊர்த் தக்காளிக்காரர்களுக்காக ஒன்று கட்டினான். நாளைக்கு எத்தனை பெட்டி என்று மாலையிலேயே பதிந்துவிட்டால், விடிந்ததும் வேன்காரர் கிருஷ்ணப்பன் தக்காளி விளைந்த கொல்லைக்கே வந்து சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போவார். பெயர் பதியாத கொல்லையில் வேன் நிற்காது.

கட்டியதே மனைவி கலைமதிக்காகத்தான். குத்தகைக்கு நிலம் பிடித்து முதல்முறையாகத் தக்காளி போட்டிருந்தாள். "கம்ப்யூட்டர்காரன் பொண்டாட்டிக்கு வெவசாயம் ஒரு கேடா?" என்று சொந்தபந்தம் சிரித்தது. முதல் பறிப்பு ஊர் பார்க்க வேனில் ஏற வேண்டும், அதுதான் அவள் ஆசை.

"மொதல்ல யார் யாரு பதிவாங்க, எப்படிப் பதிவாங்கன்னு ஒக்காந்து எழுதுங்க" என்றாள்.

"அதெல்லாம் டேட்டாபேஸ், நான் பாத்துக்கறேன். பட்டன் செவப்பா பச்சையா, அத மட்டும் சொல்லு."

பட்டனுக்கு மூன்று வாரம் ஆனது. டேட்டாபேஸ், அதாவது விவரமெல்லாம் போய் உட்காரும் இடம், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முடிந்தது. ஒரு போன் நம்பருக்கு ஒரு ஆள். அதே நம்பரில் மறுபடி பதிந்தால் பழையது அழிந்து புதியது நிற்கும். என்ன மூளைடா உனக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அந்த மூளைக்குச் சொந்த வீடு தெரியவில்லை பாருங்கள்! கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம் எதுவானாலும் குடும்பமே அவன் நம்பரைத்தான் கொடுக்கும். "பூவரசா, ஓடிபி வந்துச்சா?" என்று யாராவது கத்தாத நாளே இல்லை.

முதல் பறிப்புக்கு முந்தின நாள் மாலை கலைமதி பதிந்தாள். விளக்கு வைத்த பிறகு அண்ணி பானுமதியும் தன் தக்காளியைப் பதிந்தாள். இருவரும் வழக்கம்போல அவன் நம்பரையே கொடுத்தார்கள்.

காலையில் வேன் அண்ணியின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கலைமதியின் கொல்லையைத் தாண்டிப் போயிற்று. அவள் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

"பேரு இல்லீங்களேம்மா. வண்டியில எடமும் இல்ல" என்றார் கிருஷ்ணப்பன்.

பூவரசன் வரப்பிலேயே லேப்டாப்பைத் திறந்தான். அவன் நம்பருக்கு நேரே பானுமதி மட்டும் இருந்தாள்.

"இதுல நான் எங்கங்க?"

"அண்ணி பதிஞ்சதும் உன்ன அழிச்சிடுச்சு."

"எது?"

"நான் எழுதுன ரூலு."

"யாருக்காகக் கட்டுனீங்களோ அவளே இல்லியா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மொபெட்டில் பெட்டிகளை அவனே நடை நடையாகக் கொண்டுபோனான். "என்ன பூவரசா, ஆன்லைன் டெலிவரியா?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வெயில் ஏறிய சந்தையில் வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எடுத்தார்.

மத்தியானமே முதலிலிருந்து தொடங்கினான். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று குழுவில் ஓர் அறிவுரை போடக் கை அரித்தது. அடக்கிக்கொண்டான். இந்தத் தடவை ஆளுக்கொரு தனி எண்ணை இணையதளமே கொடுக்கும், போன் நம்பர் கூடுதல் விவரம் மட்டும். ஒன்றாம் எண், கலைமதி. போன் கட்டத்துக்கு வந்ததும் விரல் பழக்கதோஷத்தில் தன் நம்பரையே அடித்தது.

"அது உங்க நம்பருங்க. எனக்கும் ஒரு போன் இருக்கு."

"ஆமால்ல. சொல்லு."

"கல்யாணமாகி ஆறு வருசமாப் பேசறீங்க, தெரியாதா?"

தெரியாது. தன் போனை எடுத்துக் கலைமதி என்று தேடினான். அப்படி ஒரு பெயரே இல்லை. அவளே போனை வாங்கி, கீழே தள்ளிக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் நம்பருக்கு மேலே 'வூடு' என்று இருந்தது.

"மொதல்ல இத மாத்துங்க" என்றாள்.