செருப்பும் பதினான்கு தேனீப் பெட்டிகளும்

எங்கள் வண்டிக்குச் செருப்பு என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை, நாடு முழுக்க அப்படித்தான் சொல்வார்கள். முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு கூண்டு, பின்னால் திறந்த தொட்டி. தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்புதான். பெண்டாட்டிக்கு அடங்கிய ஆம்பளையை ‘செருப்புக்கு அடியில் இருக்கிறவன்’ என்று சொல்வதும் இதே நாட்டில்தான். எங்கள் செருப்போ என் மனைவி அக்லாயாவின் பேரில் பதிவானது. தன் தேனீக்களுக்காக அவளே வாங்கியது. அதை நான் ஓட்டிய நேரத்தைவிட அதற்கு அடியில் மல்லாந்து கிடந்த நேரம் அதிகம். தேனீ வளர்க்கும் பக்கத்து வீட்டு பம்ஃபிலுக்கு இது போதாதா? வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன நெகுலாய், அடியிலதான் இருக்கியா?" என்பான். பதினெட்டு வருஷமாக அதே கேலி. பதினெட்டு வருஷமாக அவன் மட்டும் சிரிக்கிறான்.

அந்த வருஷம் பனி உருகும்போது கியர்பாக்ஸ் பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல், பிறகு அரைகல் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நிற்கும், விட்டால் வரும். நானும் அதன் குணத்தைப் பழகிக்கொண்டேன். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நேராகப் போகக் கூடாது. மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மனசுக்குள் ஒன்று எண்ணி, மறுபடி மிதித்துப் பிறகுதான் தள்ள வேண்டும். மூன்றாவதில் போகும்போது கியர் ராடைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சடக்கென்று வெளியே வந்துவிடும். நான்காவதில்தான் கொஞ்சம் நிம்மதி. கோபக்கார மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பதுபோல எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

மெக்கானிக் ஸாண்டு அடியில் படுத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, பல்லும் தேய்ஞ்சு போச்சு. பழைய வண்டி ஒண்ணுல இருந்து கியர்பாக்ஸ் கழட்டித் தர்றேன். ஈஸ்டர் முடியட்டும்" என்றான். ஈஸ்டர் முடிந்தது. கியர்பாக்ஸ் வரவில்லை. அகேசியா மரம் மட்டும் அவசரப்பட்டுக்கொண்டு பத்து நாள் முன்னாலேயே மொட்டு விட்டது.

அகேசியா பூத்தால் பத்து நாள், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. மேட்டுக்காடு முழுக்க வெள்ளையாகத் தொங்கும். அந்த நாட்களில் தேனீப் பெட்டி அங்கே இருந்தால் அந்த வருஷம் பிழைத்தது, இல்லாவிட்டால் இல்லை. எங்களுக்கு அந்த வருஷம் கட்டாயம் பிழைக்க வேண்டியிருந்தது. குளிர்காலத்துக்கு முன் அக்லாயாவிடம் நாற்பத்தொரு பெட்டி இருந்தது. மார்ச்சில் திறந்து பார்த்தபோது பதினான்கில்தான் உயிர் இருந்தது. அவள் அழவில்லை. செத்த பெட்டிகளைக் கழுவிக் காய வைத்துவிட்டு, இத்தாலியில் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அகேசியாவில இதுங்க தேறிச்சுன்னா கூட்டைப் பிரிச்சுப் பெருக்கிடுவேன். தேறலைன்னா ஜூன்ல பஸ் ஏறிடுறேன்" என்று அவள் சொன்னது அடுப்படியிலிருந்த எனக்குக் கேட்டது. ஊரில் அப்படிப் போன பெண்கள் எத்தனை பேர்! ரெண்டு வருஷம் என்று போவார்கள். பதினைந்தாவது வருஷம் ஈஸ்டருக்குத் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து, சொந்த வீட்டிலேயே உப்பு எங்கே என்று கேட்பார்கள். அக்லாயா அப்படி வந்து என்னிடம் உப்பு எங்கே என்று கேட்டால் நான் என்ன ஆவேன்?

அந்தப் பயத்தில்தான் நான் அந்தக் கேடுகெட்ட காரியத்தைச் செய்தேன். சந்தையில் பழைய வண்டி விற்கிறவர்கள் செய்கிற வேலை அது. கெட்டியான ஆயிலில் மரத்தூளைக் கலந்து கியர்பாக்ஸுக்குள் ஊற்றினால் சத்தம் ஒரு வாரம் வாயை மூடிக்கொள்ளும். ஊற்றினேன். சத்தம் நின்றது. "சரி பண்ணியாச்சு" என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரன்யா நீ" என்றாள். கயிறு எடுக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் தேனீக்கள் கூடடைந்ததும் பதினான்கு பெட்டிகளின் வாசல்களையும் அடைத்தோம். மேல்மூடியை எடுத்துவிட்டுக் கம்பிவலை போட்டு, தொட்டியில் இரண்டு அடுக்காக ஏற்றிக் கயிறு கட்டினோம். விடியும்போது கிளம்பினோம். அகேசியா காடு இருக்கும் பாதிரியார் மேடு முப்பத்திரண்டு கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அடைத்த பெட்டிக்குள் தேனீக்கு வெப்பம் ஏறினால் பதறும், பதறினால் இன்னும் வெப்பம் ஏறும், கடைசியில் அடையே உருகி எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று.

எட்டாவது கிலோமீட்டரில் முனகல் திரும்பி வந்தது. நான் இருமினேன். பன்னிரண்டாவதில் அரைகல் சுற்றத் தொடங்கியது. நான் பாட்டு முணுமுணுத்தேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் மூன்றாவது கியர் ராடு என் கையைத் தட்டிவிட்டு வெளியே குதித்தது.

"யோவ், என்ன சத்தம் அது?" என்றாள் அக்லாயா.

"தேனீ."

"தேனீ எனக்குப் பின்னால இருக்கு. இந்தச் சத்தம் என் காலுக்கடியில வருது."

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், எண்ண எண்ண முடியாத பெட்டிகள். வண்டி நின்றது. நின்ற மாத்திரத்தில் பின்னால் தேனீப் பெட்டிகளின் சத்தம் ஏறத் தொடங்கியது. அக்லாயா இறங்கிக் கம்பிவலை மேல் தண்ணீர் தெளித்தாள், கோணிகளை நனைத்துப் போட்டாள். திரும்பி வந்து ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு."

சொன்னேன். ஸாண்டுவின் கியர்பாக்ஸ் வராதது, ஆயில், மரத்தூள் எல்லாவற்றையும்.

"மரத்தூளா? கியர்பாக்ஸ் என்ன, கோழிக்கூண்டாய்யா, மரத்தூள் கொட்டுறதுக்கு?"

"வண்டி கிளம்பலைன்னா நீ இத்தாலிக்குப் போயிருப்ப."

"அதுக்காக என்னை ஏமாத்துவியா? பம்ஃபில் வண்டியில ரெண்டு நடை அடிச்சிருப்பேனே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் மாட்டேன்னா சொல்லப்போறான்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. பம்ஃபிலிடம் போய்க் கையேந்துவதா என்று ஒரு மூலையில் வீம்பு இருந்திருக்கும். கேட் திறந்தது. அவள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். கூண்டுக்குள் அதற்கப்புறம் கியர்பாக்ஸ் மட்டும்தான் பேசியது.

மிச்ச வழியெல்லாம் நான் ஓட்டவில்லை, கெஞ்சினேன். எங்கே கை எடுக்கலாம், எங்கே இறக்கத்தில் சும்மா உருளவிடலாம், எந்த வளைவுக்கு முன்னால் வேகத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டால் கியர் மாற்றாமல் தப்பிக்கலாம் என்று ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் போனேன். நான்காவதில் அரைகல் அடங்கும்போது தேனீக்களின் இரைச்சல் கேட்டது. அது சீராக இருந்தால் எனக்கு மூச்சு வந்தது. மணி எட்டு. வெயில் முதுகில் ஏறிவிட்டது.

பாதிரியார் மேட்டின் அடிவாரத்தில் மண் பாதை தொடங்குகிறது. முக்கால் கிலோமீட்டர், ஒரே செங்குத்து. முதல் கியர் போட்டேன். ஐம்பது மீட்டர் ஏறியது. சடக். மறுபடி போட்டு, ராடை முழங்காலால் முட்டுக்கொடுத்தேன். இன்னும் பத்து மீட்டர். பிறகு அடியில் ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ராடு உள்ளே போகிறது, வண்டி நகரவில்லை. அக்லாயா குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள்.

இரண்டாவதில் முயன்றேன். பாரம் இழுக்காமல் எஞ்சின் அணைந்தது. பின்னால் இரைச்சல் உறுமலாக மாறியது. தண்ணீர்க் குடத்தில் ஒரு கை அளவுதான் மிச்சம்.

நான் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துவிட்டேன். ‘போச்சு, எல்லாம் போச்சு. ஜூனில் நானே அவள் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகப்போகிறேன்’ என்றுதான் நினைத்தேன். நாற்பத்தொன்பது வயசுக்காரன், கண்ணீர் வந்துவிட்டது.

"எழுந்திருய்யா," என்றாள் அக்லாயா. "திருப்பு வண்டியை."

"வீட்டுக்கா?"

"மேட்டுக்கு! பின்பக்கமா ஏத்து."

எங்கள் செருப்புக்கு இழுப்பது முன் சக்கரம். பின்னால் பாரம் ஏற்றினால், சேற்றில் மேடு ஏறும்போது முன் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். அதனால் மழையில் விறகு ஏற்றி வரும்போது ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாகவே ஏறிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அது சேற்றுக்கு. தரை காய்ந்து கிடக்கும்போது என் மரமண்டைக்கு அது எட்டவில்லை.

"ரிவர்ஸும் போயிருந்தா?"

"இந்த வண்டியில நீ கெடுக்காத ஒரே கியர் அதுதான். போடு!"

அடிவாரம் வரை வண்டியை மெதுவாக உருட்டி இறக்கினேன். சமதளத்தில் இரண்டாவது கியரில், கிளட்ச் புகைய ஒரு அரைவட்டம் அடித்து, வண்டியின் முதுகை மேட்டுக்குக் காட்டினேன். ராடை அமுக்கிப் பின்னால் தள்ளினேன். உள்ளே போய் உட்கார்ந்தது. கிளட்சை விட்டேன். ரிவர்ஸுக்கே உரிய கீச்சுக்குரல் எழுந்தது. அரைகல் இல்லை, சடக் இல்லை, சுத்தமான கீச்சுக்குரல். வண்டி ஏறியது!

இரண்டு அடுக்குப் பெட்டிகள் பின்கண்ணாடியை மறைத்தன. பக்கக் கண்ணாடியில் அக்லாயா மட்டும் தெரிந்தாள். எனக்கு முதுகுப்பக்கம், மேட்டில் முன்னால் நடந்துகொண்டு, அடிக்கொரு தரம் திரும்பிக் கத்தினாள்.

"இடது! இடதுய்யா! அது என் இடது இல்ல, உன் இடது! ஆங்... வா, வா. நிறுத்தாதே. நிறுத்தினா கொன்னுடுவேன்!"

சொன்னபடி திருப்பினேன். வேறெதையும் நான் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். நீலத் தலைத்துணி, கணுக்கால் வரை மண் ஏறிய ரப்பர் பூட்ஸ், காற்றில் என்னை ‘வா வா’ என்று கூப்பிடும் அந்தக் கை. இந்தக் கை இத்தாலியில் யாருக்கோ கஞ்சி ஊட்டப்போகிறதே என்று நினைத்தேன். அப்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

மேட்டின் உச்சியில் அகேசியா காடு வெள்ளையாக நின்றது. பம்ஃபில் தன் பெட்டிகளையெல்லாம் இறக்கிவிட்டு நிழலில் உட்கார்ந்து வெங்காயமும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். பின்பக்கம் முன்னால் வர நாங்கள் ஏறுவதைப் பார்த்ததும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டான்.

"என்ன நெகுலாய், செருப்பைத் திருப்பிப் போட்டுக்கிட்டியா?"

சொல்லக் கூடாது, இந்த ஒரு தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. அக்லாயா சிரிக்கவில்லை. "வாயப் பொத்திக்கிட்டு வந்து கை குடு!" என்று அவனை அதட்டினாள். தின்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். மூன்று பேருமாக இறக்கினோம். அவள் வாசல்களைத் திறந்துகொண்டே போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. தேனீக்கள் தானியம் கொட்டினாற்போல வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மரங்களைப் பார்க்கப் போயின.

கீழடுக்கில் கூண்டை ஒட்டியிருந்த ஒன்பதாம் பெட்டியில் மட்டும் சத்தமில்லை. அதில் இருப்பது அக்லாயா தானே வளர்த்த ராணி. அவள் மண்டியிட்டு மரப்பலகையில் காதை வைத்தாள். கம்பிவலையைப் பிரித்தாள். தேனீக்கள் நனைந்த கம்பளிபோல அடியில் குவிந்து கிடந்தன. பம்ஃபில் ஓடிப்போய்த் தன் தண்ணீரைக் கொண்டுவந்தான். கையால் பொடித்தூறலாகத் தெளித்தாள். தெளித்துவிட்டுக் காத்திருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன், தோளில் கை வைக்கத் தைரியமில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குவியலின் மேல் ஒன்று காலை இழுத்தது. இன்னொன்று இறக்கையை உதறியது. பிறகு வாசலில் நாலைந்து ஊர்ந்து வந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு இறக்கையால் காற்று வீசத் தொடங்கின.

"இருக்கு," என்றாள் அக்லாயா. "பதினாலும் இருக்கு."

புல்லில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மார்ச்சில் அழாதவள் அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுடு," என்றேன்.

"மாட்டேன்," என்றாள். மூக்கைச் சிந்தினாள். "இனிமே பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு. மரத்தூள் போட்டு மூடாதே."

"பயமா இருக்கு."

அவள் மரங்களை நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காடு முழுக்க இரைச்சல் கிளம்பிவிட்டது. பேச்சோடு பேச்சாக, "ஸாண்டுவுக்குப் போன் போடு. கியர்பாக்ஸ் இந்த மாசத்துக்குள்ள வேணும்னு சொல்லு. லிண்டன் காட்டுக்கு நம்ம செருப்புலதான் போகணும்" என்றாள்.

லிண்டன் மரம் பூப்பது ஜூன் நடுவில்.

நான் எழுந்து போய், எதையோ பார்க்கிற மாதிரி வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். சூடான ஆயில் ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது, துடைக்கவில்லை.

"என்ன நெகுலாய்," என்று பம்ஃபிலின் குரல் கேட்டது. "அடியிலதான் இருக்கியா?"

"ஆமாண்டா," என்றேன். "அடியிலதான் இருக்கேன்."