மரம் இருக்கிற வரைக்கும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கொல்லைப்புறத்து நாவல் மரம் இந்த ஆண்டு வரலாறு காணாத வகையில் காய்த்துத் தள்ளியிருக்கிறது.

அறிவித்தவர் மாமனார். சகலர் என்பது மாமியார், மகள், மருமகன் ஆகிய மூவர். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் எதையும் சொல்வதில்லை, அறிவிப்பார். குளியலறைக்குள் யார் போனாலும் வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

மருமகனுக்கு அது கெட்ட செய்தி. அவன் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவன். கல்யாணமான புதிதில் 'கொஞ்ச நாளைக்கு' என்று இந்த வீட்டுக்கு வந்தான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. அவர்கள் அறைக் கதவின் தாழ்ப்பாளை, "நம்ம வீட்டுக்குள்ள யாரு திருடன்?" என்று கேட்டு மாமனாரே கழற்றிவிட்டார். இருந்த ஒரே ஜன்னலை நாவல் கிளை அடைத்துக்கொண்டது. மற்ற மரமென்றால் ஒரு பருவத்திலாவது இலை உதிர்த்து வெளிச்சம் விடும். இது வருடம் முழுக்கப் பச்சையாக நின்றது. கடமைக்கு நாலு பழம் போடும், அதோடு சரி. படுத்தால், கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவில் தன்னையே வைத்து ஆணியடித்துவிட்டதுபோல அவனுக்கு மூச்சு முட்டும்.

தனிக்குடித்தனம் என்று வாயெடுத்தால் மாமனாரிடம் பதில் தயார்.

"தாராளமா போங்க மாப்ள. தடுக்க நான் யாரு? ஆனா இந்த மரத்த யாரு பாத்துக்கறது? எனக்கு முழங்கால் போச்சு. மரம் இருக்கற வரைக்கும் இருங்களேன்."

மரம் இருக்கிற வரைக்கும். அந்த வார்த்தைக்கு அவன் மனசுக்குள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டான். செம்பு ஆணி அடித்தால் எப்பேர்ப்பட்ட மரமும் பட்டுப்போகும் என்று கடைக்கு வந்த ஒருவர் அடித்துச் சொன்னார். சொன்னவர் பல் வைத்தியர் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

போன வருடம் மாமனார் குளித்துக்கொண்டே பாடும் நேரமாகப் பார்த்து, பாட்டின் தாளத்துக்குச் சுத்தியலைப் போட்டான். காவலுக்கு நின்றது மனைவி. "சீக்கிரம் அடிங்க, அப்பா சரணத்துக்கு வந்துட்டாரு."

சில இலைகள் பழுத்தன. அந்தத் தெம்பில் போன வாரம் தையல்கடை மாடியில் ஒரு வாடகை வீடு பார்த்தார்கள். அவள் சமையலறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். வீட்டுக்காரர் இன்றைக்குள் பதில் கேட்டிருந்தார்.

மரம் பட்டாலும் படாவிட்டாலும் இன்று சொல்லியே தீருவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அப்போதுதான் இந்த அறிவிப்பு.

"மாமா, ஒரு விஷயம்..."

"நானும் ஒரு விஷயம் பேசணும். இப்படி வாங்க." மாமனார் அவனை மரத்தடிக்கு அழைத்துப்போய், பட்டையில் பச்சை பூத்துக் கிடந்த ஆணிகளைத் தடவினார். "இது யாரு வேலை?"

மாமியாரோடு பின்னாலேயே வந்திருந்த மனைவி தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மாமா," என்றான். சொன்னதும் உடம்பு லேசானது. இனி அவரே துரத்திவிடுவார். பெட்டி கட்ட வேண்டியதுதான் பாக்கி.

மாமனார் அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஆணி அடிச்சா மரம் பயந்துபோய்க் காய்க்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு மாப்ள. எனக்கு மனசு வரல. நீங்க யாருகிட்டயும் மூச்சு விடாம சாதிச்சிட்டீங்க! இனிமே இந்த மரம் உங்க பொறுப்பு. மரம் என்ன, இந்த வீடே உங்க பொறுப்பு."

"கைராசிக்காரர்னு நான் அப்பவே சொல்லல?" என்றாள் மாமியார், அப்போது எதுவும் சொல்லியிராதவள்.

"இல்ல மாமா, நாங்க வேற..."

திறந்த வாயில் மாமனார் ஒரு நாவல்பழத்தைத் திணித்தார். "பேசாதீங்க. தேன்! சாப்பிட்டுப் பாருங்க."

மனைவியின் கையில் கைபேசி அதிர்ந்தது. வீட்டுக்காரர். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் வாய் நிறையப் பழம். கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு அது அடங்கியது.

"உச்சிக் கிளைதான் மாப்ள நல்லா பழுத்திருக்கு. ஏறுங்க. சட்டை கறையாயிடும், கழட்டிடுங்க."

அவன் கழற்றினான். எங்கே வைப்பது என்று தேடவேண்டியிருக்கவில்லை. தான் அடித்த ஆணியிலேயே மாட்டினான்.

பழம் இனிக்கக்கூட இல்லை.