டோக்கன் எண் 817

2025 மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் ஒன்பதாம் எண் வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த சௌந்தரராஜன், அவர் மனைவி பாக்யலட்சுமி, பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் மகள் சுனிதா, பக்கத்து வீட்டு ஃப்ரெடி. இருட்டில் எண்ணியபோது ஐவர் இருந்தனர்.

பூமி சூடாகிறதென்று ஊருலகமே ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் நாள் அது. வரிசை வீடுகளையெல்லாம் சம்மதிக்க வைத்தவள் சுனிதா. ஃப்ரெடி வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "இன்னா சௌந்தரு, உங்க நைனா இந்த மாதிரி இருட்டுலதான ரயில் ஏறுனாரு?" என்றார். வீட்டை விட்டு ஓடிப்போனார் என்ற ஐம்பத்தாறு வருடப் பேச்சு அது. சௌந்தரராஜனின் தந்தை சம்பங்கி 1969இல் ஷிஃப்டுக்கு இறங்கினார். ஏறி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தலைவிளக்கு வாங்கும்போது அவர் மாட்டிய பித்தளை டோக்கன், எண் 817, 2001இல் சுரங்கம் மூடும்வரை பலகையிலேயே தொங்கியது. கீழே இருப்பவனுடைய டோக்கன்தான் பலகையில் தொங்கும். குடும்பம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது, தெரு கேட்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. சுரங்கத்தில் விளக்குப் போனால் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே எண்ணிக்கை சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியாகாமல் ஆளேற்றும் கூண்டான கேஜ் மேலேறாது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் சௌந்தரராஜன், "எண்ணிக்கை! ஒண்ணு!" என்று குரல் கொடுத்துவிட்டார். பாக்யலட்சுமி ரெண்டு என்றாள். சுனிதா சிரித்துக்கொண்டே மூணு என்றாள். "நாலு. போதுமா மேஸ்திரி?" என்றார் ஃப்ரெடி.

"அஞ்சு," என்றது சமையலறைத் தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "டோக்கன் எட்நூத்திப் பதினேழு."

யாராலும் காலைத் தூக்க முடியவில்லை. சுனிதாவின் போன் வெளிச்சம் தானாக அவிந்தது. ஃப்ரெடி ஏசுவே ஏசுவே என்று முனகினார். சௌந்தரராஜனின் பயம் வேறு: கேட்டால் என்ன பதில் வருமோ, அதுவும் ஃப்ரெடியின் காதுபட. ஆனாலும் கேட்டார்.

"நைனா, இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?"

"எழுபத்தஞ்சாம் லெவல்லதான்டா. கேஜே வரல. தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சி."

சௌந்தரராஜன் கைக்கெட்டிய பித்தளைச் சொம்பைக் கரண்டியால் மூன்று முறை தட்டினார். ஆள் ஏற்றச் சொல்லும் மணி அது. தரைக்கடியில் இரும்புக் கயிறு இழுபடும் ஓசை முக்கால் மணி நேரம் கேட்டது. ஒன்பதரைக்கு விளக்கைப் போட்டபோது சம்பங்கி கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தார். பாக்யலட்சுமி மாமனாருக்குத் துண்டு கொடுத்தாள். ஃப்ரெடி செருப்பை விட்டுவிட்டுப் போனார்.

சம்பங்கிக்கு வயது முப்பத்தொன்று, மகனுக்கு அறுபத்தாறு. வேளைக்குச் சாப்பிடுகிறார், தரையைத்தான் அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது. அந்த வரிசையில் இப்போது பகலிலும் யாரும் விளக்கணைப்பதில்லை. மின்சாரம் போனால் தரைக்கடியில் ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கை தொடர்கிறது.

சம்பங்கி பங்காருபேட்டையில் ரயிலேறி ஓடிப்போனார் என்று சொல்லப்படுவது தவறு. அவருக்கு ஷிஃப்ட் முடிய நேரமாகிவிட்டது.