ஆடியில் போட்ட கையெழுத்து

தங்கராசுவுக்கு வருகிற ஆடியோடு அறுபது முடிகிறது. முடிந்ததும் ஓய்வூதியம் வரத் தொடங்கும். வந்தால், சிதம்பரத்து லாட்ஜ் ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கும் வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம். அந்த வீடு காத்திருந்தது அந்த ஒரு நாளுக்குத்தான்.

கடலூர் சிப்காட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனி ஆள் குறைத்தபோது கையில் கொடுத்த மூன்று லட்சத்தை, 2004ஆம் வருஷம் அப்படியே ஒரு பென்ஷன் பாலிசியில் போட்டார். போடவைத்தவர் கலியமூர்த்தி. தங்கராசுவின் மனைவி செல்லாயிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அந்தத் தெருவில் இன்னும் பதினோரு வீட்டுக்கு ஏஜெண்ட்.

2007 மார்கழியில் மகள் வெண்மதி அந்தப் பாலிசிக் காகிதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பி.காம். முடித்துவிட்டுக் கடலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குத் தினம் பஸ்ஸில் போய் வந்தாள். காகிதத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: பங்குச் சந்தை, கடன் பத்திரம், இரண்டும் கலந்தது. எதில் எத்தனை சதவீதம் என்று பணம் போடுகிறவரே எழுத வேண்டும். பங்குச் சந்தைக்கு நேரே நூறு. மற்ற இரண்டிலும் சுழி. அடியில் இருந்த கையெழுத்து அப்பாவுடையது. அந்த நூறு அவர் எழுதியதல்ல.

கேட்டதற்குத் தங்கராசு முகத்தைச் சுளித்தார். "பேனாவ குடுத்தான், இன்ட்டு போட்ட எடத்துல போட்டேன். சொந்தக்காரன எதுர்ல வச்சிக்கினு ஒவ்வொரு தாளா பொரட்டிப் பாப்பாங்களா?"

பணம் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்தது, அதை அவள் மறுக்கவில்லை. சந்தை என்ற குதிரை ஓடியது நிஜம். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது வயது என்று யாரும் குதிரையிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சந்தை நாளைக்குச் சறுக்கினால் ஏறி வருவதற்கு அவருக்கு ஏழு மாதம்தான் இருந்தது. ஒரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மொத்தத்தையும் கடன் பத்திரத்துக்கு மாற்றிவிடலாம். கட்டணம்கூடக் கிடையாது. மாசம் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள்.

தங்கராசு சரி என்றார். ஆனால் கலியமூர்த்தியைக் கேட்காமல் செய்தால் மரியாதையாக இருக்காது என்றார். கலியமூர்த்தி வந்தார், காப்பி குடித்தார், படிவத்தை விரலால்கூடத் தொடவில்லை.

"மார்கழில யாராச்சும் பணத்த எடம் மாத்துவாங்களா மச்சான்? தை பொறக்கட்டும்."

தங்கராசு தலையாட்டினார். வெண்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, இந்தக் காகிதத்துல தேதி பாத்தீங்களா? நம்ம கணக்குக்கு ஆடி பத்தொம்பது. ஆடில யாராச்சும் பணத்தப் போடுவாங்களா? வாங்குறப்ப ஆடி கண்ணுக்குத் தெரியல, மாத்துறப்ப மட்டும் மார்கழி தெரியுதா?"

செல்லாயி உள்ளேயிருந்து வந்து, மாமனிடம் பேசுகிற பேச்சா இது என்று அதட்டினாள். படிக்கவைத்தவர்கள்தான், படித்ததைச் சொன்னால் வாயாடி என்றார்கள்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நல்ல நேரம் பார்த்துத் தங்கராசு கையெழுத்துப் போட்டார். கடலூர்க் கிளையில் நானே கொடுத்துவிடுகிறேன் என்று வெண்மதி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. படிவம் கலியமூர்த்தியின் பைக்குள் போனது.

அடுத்த திங்கட்கிழமை சந்தை சரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆடிட்டரே வேலையை விட்டுவிட்டு டிவி முன்னால் நின்றார். வெண்மதி அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளைக்கு ஓடினாள். தங்கராசு பெயரில் எந்தப் படிவமும் வரவில்லை என்றாள் கவுண்ட்டரில் இருந்த பெண். மூன்று மணிக்குள் கொடுத்தால் இன்றைய விலை, தாண்டினால் நாளைய விலை என்றும் சொன்னாள். அப்போது மணி இரண்டே கால்.

கலியமூர்த்தி அங்கேயேதான் இருந்தார். மாடியில் ஏஜெண்டுகள் கூட்டம், கையில் மிக்சர் தட்டு. அவளைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தார். பூசத்தன்று கொடுக்கலாம் என்றிருந்தேன் என்றார். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பையிலிருந்த டைரிக்குள் நாலாக மடித்த படிவம் இருந்தது.

"ஒங்கப்பா மாத்துனா தெருவே மாத்தும் பாப்பா," என்றார் மெதுவாக. "அப்புறம் நான் பண்ணுனது தப்புன்னு ஆயிடும். தெருவுல எப்புடி நடப்பேன்?"

"நீங்க தெருவுல நடக்கறதுக்கு எங்கப்பா லாட்ஜ் வாசல்ல நிக்கணுமா?"

இரண்டு நாற்பதுக்கு முத்திரை விழுந்தது. ஏழரை லட்சம் இப்போது ஆறு லட்சத்துச் சொச்சம். ஐயாயிரம் நாலாயிரமாகிவிட்டது. வெண்மதி கவுண்ட்டரை விட்டு நகரவில்லை. அதே படிவத்தில் இன்னும் பதினொன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அவள் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. தங்கராசு மச்சானைத் திட்டவில்லை. வேண்டுமென்றா செய்தான் என்றார். ஆயிரம் ரூபாய் குறைந்தால் என்ன, இன்னும் ரெண்டு வருஷம் நின்றுவிட்டுப் போகிறேன் என்றார். அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கலியமூர்த்தி மேல் வந்த கோபத்தைவிட இது பெரிதாக இருந்தது. தன் காலை மிதித்தவனிடம் வலிக்கவில்லை என்று சொல்லும் ஆளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் படிவங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆறு மணி ஷிப்ட்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த தங்கராசு, எங்கே போகிறாள் என்று கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முதல் வீடு ஜான்சி அக்கா வீடு. அவள் புருஷனும் அதே கம்பெனியிலிருந்து ஆள் குறைப்பில் வெளியே வந்தவர். ஜான்சி சம்மதித்துவிட்டாள். அவர்தான் பேனாவைக் கையில் வாங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப ராவு காலமாச்சேம்மா?"

"ஆமா. அதான் எல்லாரும் வீட்ல இருப்பீங்கன்னு வந்தேன்."

அவர் வெண்மதியைத் தாண்டி, வாசலில் நின்ற தங்கராசுவைப் பார்த்தார். தங்கராசு வாட்ச்மேன் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நல்ல நேரம் பாத்துத்தான் போட்டேன்," என்றார். "நீ படிச்சுப் பாத்துட்டுப் போடு."