விரிப்பின் நாலு முனை

பொழுது புலரும் முன்பே சலவைக்கூடம் வியர்த்துவிடும். கொதிகலனின் ஆவி, சோப்பு நெடி, தோளை இறக்கும் ஈரத்துணியின் பாரம். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அண்ணியும் குருவியும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து மடிப்பார்கள். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. குருவி, அண்ணியின் நாத்தனார். ஓயாத வாய்க்காகக் கூடமே வைத்த பெயர் அது.

அன்று குருவிக்குப் பேச்சில்லை. டான்சில் எடுத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு வாரம் வீட்டில் இருக்கவேண்டும், இரத்தம் கசிந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்து நாளுக்கு மேல் இடம் காத்திருக்காது என்று முதலாளி சொல்லியனுப்பினார். புண் ஆறாத தொண்டையோடு வந்து நின்றாள்.

விரிப்பின் மறுமுனையில் அவள் அடிக்கடி எதையோ விழுங்குவதை அண்ணி கவனித்தாள். வலி என்றுதான் நினைத்தாள். தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். குருவி வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி விழுங்கினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

அடுத்த விரிப்போடு நெருங்கி வந்தபோது அவள் முகம் துணியைவிட வெளுத்திருந்தது. முழங்கால் மடங்கியது. குபுக்கென்று கருஞ்சிவப்பாய் விரிப்பு முழுக்கக் கொட்டியது.

"எப்பலேர்ந்துடி?" அண்ணி அவளைக் குனியவைத்துத் தாங்கிக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து. துப்பினா துணியில கறை பட்டுடுமேன்னு முழுங்கிட்டேன் அண்ணி."

துணி ஏற்றவிருந்த வண்டியில் கொதிகலன்காரர் அவளைத் தூக்கிவைத்தார். வண்டி எதற்கு என்று முதலாளி கேட்டது யார் காதிலும் விழவில்லை. மருத்துவமனையில் மறுபடி மயக்கம் கொடுத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று தொடங்கிய டாக்டர் அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விடியலில், தூங்காத கண்களோடு அண்ணி கூடத்துக்கு வந்தாள். முதலாளி வாசலிலேயே நின்றார்.

"உன் நாத்தனாருக்கு இனி இங்க வேலை இல்ல. அந்த விரிப்பைப் பச்சத்தண்ணியில ஊறப்போடு. இன்னும் காஞ்சா கறை போகாது."

"போகவேணாம் முதலாளி."

"ரொம்பப் பேசாதே. உசுரா போயிடுச்சு?"

"போயிருந்தா லீவு குடுத்திருப்பீங்களா?"

"அதுக்கும் அஞ்சு நாள்தான்" என்றார் பின்னாலிருந்து இஸ்திரிக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி அந்த விரிப்பை எடுத்து இரண்டு முனையைப் பிடித்தாள். மற்ற இரண்டும் தரையில் புரண்டன. கொதிகலனைப் பற்றவைக்காமலே வந்து கொதிகலன்காரர் ஒரு முனையை எடுத்தார். இன்னொன்றை இஸ்திரிக்காரர் எடுத்தார். மற்றவர்கள் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

குருவிக்கு அவள் வேலை வேண்டும், நோய்க்கு எத்தனை நாள் லீவு என்று டாக்டர்தான் சொல்லவேண்டும் என்றாள் அண்ணி. வேறு ஆள் வரவழைக்கிறேன் என்று முதலாளி உள்ளே போய் ஃபோனை எடுத்தார்.

கொதிகலன் குளிர்ந்து கிடந்தது. கைகள் கடுத்தன. கறை வெளியே தெரிய, விரிப்பை விரித்தபடியே நின்றார்கள். யாரும் மடிக்கவில்லை.