அரவிந்த்குமாரின் எண்

சவரியப்பன் வாசலில் வந்து நின்றபோது சத்யா பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டீக்கடை வைத்திருப்பவர். மூச்சு வாங்கியது.

"தாயி, எம் மக செபமாலைக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிக்கலை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்குறா. ஓ நெகட்டிவாம். இருந்ததை ஏத்திட்டாக, இன்னும் வேணுமாம். தம்பியோட வெப்சைட்ல இருந்த நம்பருக்கு அடிச்சேன். யாரோ ஒரு பொம்பளை ராங் நம்பர்னு வச்சிருச்சு."

தம்பி என்று அவர் சொன்னது சத்யாவின் கணவன் அரவிந்த்குமாரை. எட்டு மாதத்துக்கு முன் பைபாஸில் லாரி மோதி இறந்துபோனான். மாவட்டம் முழுக்க ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், பிரிவு, போன் எண் எல்லாவற்றையும் ஆறு வருஷமாகச் சேர்த்து இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான். வெளியாட்களுக்கு அவன் எண் மட்டும்தான் தெரியும். கேட்பவர்களுக்காக அவனே பட்டியலைத் திறந்து ஆள் தேடிக் கொடுப்பான்.

சத்யா பையைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய லேப்டாப்பை எடுத்தாள். அவன் டைரியில் எழுதியிருந்த பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி போட்டாள். கல்யாண நாள், அவள் பிறந்த நாள், அவன் பைக் நம்பர். எதற்கும் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கமே வராமல் போனது.

வெப்சைட்டுக்குச் சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்தாள். பிளெஸ்ஸி என்ற பெண் எடுத்தாள்.

"நிறையத் தடவை தப்பாப் போட்டதுனால பிளாக் ஆயிருக்கு மேடம். எடுத்துவிட்டுட்டேன். யூசர்நேம் என்ன போடுறீங்க?"

"அரவிந்த்."

"அதுக்கு முன்னாடி அக்கவுண்ட் பேரையும் சேர்த்துப் போடணும்."

சேர்த்துப் போட்டாள். அப்போதும் தவறு. பிளெஸ்ஸி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போன வருஷம் பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க மேடம். டைரியில இருக்கறது பழசு. புதுசு வச்சுக்கலாம். நாப்பத்தேழுல முடியற நம்பருக்கு ஓடிபி வரும்."

"அது எங்க வீட்டுக்காரர் நம்பர். அவர் இறந்துட்டாரு."

"சாரி மேடம். நம்பரை மாத்தணும்னா இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் அனுப்பணும். மூணு நாளாகும்."

சவரியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விபத்தில் அவன் போன் நொறுங்கிப்போயிருந்தது. சிம்மை மறுபடி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனாலும் முதல் சில மாதங்கள் தினமும் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்ப்பாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒருநாள் கேட்டதோடு விட்டுவிட்டாள். இப்போது அழுத்தினாள். அவன் சிரிக்கிற படம் திரையில் வந்தது. மணி அடித்தது.

"அலோ, யாரு?"

"வச்சிராதீங்க. இது எங்க வீட்டுக்காரர் நம்பரா இருந்துச்சு. ஒரு பொண்ணு உசுருக்குப் போராடுது. உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க."

"அதெல்லாம் யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எம் மவன் சொல்லியிருக்கான்மா."

சவரியப்பன் போனை வாங்கினார். "ஆத்தா, காலையில அடிச்சது நாந்தான். எம் புள்ளைக்குத்தான் ரத்தம்." போனைச் சத்யாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

சத்யா லேப்டாப்பில் ஓடிபி அனுப்பச் சொல்லி அழுத்தினாள். பிறகு அந்தம்மா ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பட்டியல் திறந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. ஓ நெகட்டிவ் ஐந்து பேர். மூன்று பேர் எடுக்கவில்லை, ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். குளத்தூர் சூர்யபிரகாஷ் மட்டும், "இந்தா கெளம்பிட்டேன்க்கா" என்றான். சொன்னபடி ஒரு மணிக்குள் ரத்தம் கொடுத்தும்விட்டான்.

ரத்தம் ஏற்றியும் மூன்று மணிக்கு செபமாலை போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்தது.

சாயங்காலம் அரவிந்தின் படத்தோடு சத்யாவின் போன் அடித்தது. அவசரமாக எடுத்தாள். காலையில் பேசிய அம்மாதான். பொன்னுத்தாய் என்று பெயர் சொன்னாள்.

"அந்தப் புள்ள பொழைச்சுக்கிருச்சாம்மா?"

"இல்லைங்கம்மா."

"இந்த சிம்மு வாங்கி ரெண்டு மாசமாச்சு. ரத்தம் வேணும் ரத்தம் வேணும்னு யாராவது கூப்புட்டுக்கிட்டே இருந்தாக. ராங் நம்பர்னு வச்சுருவேன். எத்தனை பேருன்னுகூடத் தெரியலையே தாயி."

"உங்க மேல தப்பில்லைங்க. நாந்தான் அப்பவே அந்த நம்பரை மாத்தியிருக்கணும். எட்டு மாசமா அவரு லேப்டாப்பைத் தொடாமலே இருந்துட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொன்னுத்தாயும் அழுதாள். முகம் தெரியாத இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் செபமாலையின் அடக்கத்துக்குப் போய்வந்து, தலைமுழுகிவிட்டு சத்யா லேப்டாப் முன் உட்கார்ந்தாள். வெப்சைட்டில் தன் எண்ணைப் போட்டாள். பிறகு பட்டியலை முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினாள். முதல் வரியிலேயே அவன் இருந்தான். அரவிந்த்குமார், பி பாசிட்டிவ், திருமயம். அவசரத்தில் யாரும் இந்த எண்ணுக்கு அடித்துவிடக் கூடாது. அழிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்பதை அழுத்திவிட்டு, அடுத்த ஆளுக்குப் போன் செய்தாள்.