பேருக்கு விட்ட இடம்

முற்றத்தில் பிரேதத்துக்குச் சுற்றும் கஃபன் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டபோது ஹமீதா பானு வாப்பாவின் தலையணைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தாள். மய்யித்தைக் குளிப்பாட்டத் தூக்கிப் போயாயிற்று. கட்டிலைக் கழுவ ஆள் வருமுன் அந்தக் காகிதங்கள் கைக்கு வந்தாக வேண்டும். வந்தன. இரண்டு கடிதங்கள். ஒன்று கொழும்புக்கு, ஒன்று ரங்கூனுக்கு. இரண்டிலும் அடியில் வாப்பாவின் கையெழுத்து, நடுவில் ஒரு பேர் கொள்ளும் அளவுக்கு வெற்றிடம்.

பானுவின் வாப்பா பாக்கர் சாயபு லேசுப்பட்ட ஆளில்லை. டில்லியில் விமான இலாகாவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டுப் புதுமடத்துக்குத் திரும்பியவர். உன் விமானம் என் ஊரில் எத்தனை தரம் இறங்கலாம், என் விமானம் உன் ஊரில் எத்தனை தரம் இறங்கலாம் என்று இலங்கையும் பர்மாவும் ஒன்றரை வருஷமாக மல்லுக்கட்டின. கடைசியில், நடுவில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தை முடித்துவைக்க ஒரு பொது ஆளை நீங்களே சொல்லுங்கள் என்று இவருக்கு எழுதிவிட்டார்கள். இன்றைய தபாலை விட்டால் கெடு தப்பிவிடும்.

"பேரை மட்டும் விட்டுவை பானு," என்றார் நேற்று, டைப்படித்துக்கொண்டிருந்த அவளிடம். "கில்பர்ட்டுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம போடக் கூடாது. பாம்பனுக்கு ஆள் அனுப்பு."

அனுப்பினாள். விடியும்போது வாப்பா மவுத்தாகிவிட்டார்.

"கடிதாசி அங்கனதான் இருந்துச்சா?" என்று கேட்டபடி சுஐபு வந்தான். அவளைக் கட்டிய மாப்பிள்ளை, மதுரையில் வக்கீல். ஆறு வருஷமாகப் பெரிய வழக்கு ஒன்றுகூடச் சிக்காமல் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். வெற்றிடத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

"மாமா என்னையத்தான் நெனச்சிருப்பாக."

"இல்ல மச்சான். கில்பர்ட் மாமா பேரைச் சொன்னாக."

"அந்த ஆளா! தோப்பைப் பிடுங்கிக் குடுத்தவனா?"

பதினோரு வருஷத்துக்கு முன் வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் தென்னந்தோப்புத் தகராறு. கப்பல் வழக்குகளில் சமரசம் பேசிப் பேரெடுத்த கில்பர்ட்டை நடுவில் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், நம்ம பக்கம்தான் பேசுவான் என்று வாப்பா தெம்பாக இருந்தார். கில்பர்ட் தோப்பைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு முறிந்தது.

சுஐபு குரலைத் தாழ்த்தினான். "ஒனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும் பானு? ஒரு பேருதானே."

அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. "ஒங்களுக்குக் கொழும்புல கடை இருக்கே மச்சான்."

"கடை இருந்தா என்ன? எங்க அண்ணன்ல பாக்குறான்!"

"அடியில வாப்பா கையெழுத்து இருக்கு," என்றாள். சுஐபு வெடுக்கென்று வெளியே போய்விட்டான்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் வாசலில் மாட்டுவண்டி நின்றது. சேதி தெரியாமல் வந்த கில்பர்ட், கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். நேரே வந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே பாக்கரு, வரச் சொல்லிட்டு இப்பிடிப் படுத்துக்கிட்டியே," என்றவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடிதங்களை நீட்டினாள். விஷயத்தைச் சொன்னாள்.

"என் பேரையா சொன்னான்? அவனா?"

"தோப்புல என்னையத் தோக்கடிச்சானே, அவன்தான் சரியான ஆளுன்னாக. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலையாம். ஆனா நியாயமாத்தான் சொன்னான்னு சொல்லிச் சிரிச்சாக."

கில்பர்ட் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரோரம் நின்ற சுஐபுவைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயே வக்கீலு இருக்கும்போது எனக்கெதுக்கும்மா? வயசுப்புள்ள, முன்னுக்கு வரட்டும். அவரு பேரைப் போட்டுரு."

பானு மாப்பிள்ளையைப் பார்த்தாள். சுஐபு வாப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"எங்க கடை கொழும்புல இருக்கு மாமா," என்றான். "ரங்கூன்காரன் எப்பிடி ஒத்துக்குவான்?"

கில்பர்ட் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பானுவிடம், "சரிம்மா, என் பேரையே அடி," என்றார்.

உள்ளறையில் டைப்ரைட்டர் சத்தம் கேட்டதும் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டார்கள். "யா அல்லா! மய்யித்தை வச்சுக்கிட்டு டைப்படிக்கிறாளே!" என்று காலிதா மாமி வாயில் கைவைத்தாள். பானு காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கடிதத்திலும் ஒரே பேரை, பிழையில்லாமல் அடித்து, உறையிலிட்டு ஒட்டிச் சுஐபுவின் கையில் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன், மய்யித்து வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் சாச்சா ஒரு தோள், சுஐபு ஒரு தோள். கில்பர்ட் கைகட்டிக் கடைசியில் நடந்தார். பானு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருமுனையில், தபாலாபீஸ் பக்கம் வந்ததும் சுஐபு திரும்பிப் பார்த்து, "மாமா, இங்கன வாங்க," என்று கூப்பிட்டான். கில்பர்ட் ஓடிவந்தார். தன் தோளிலிருந்த கொம்பை அவர் தோளுக்கு மாற்றிவிட்டு, சுஐபு சிவப்புப் பெட்டியிடம் போனான். இரண்டு உறைகளையும் போட்டான். உள்ளே விழுந்துவிட்டதா என்று விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்னால் போய்விட்ட ஜனங்களை எட்டிப் பிடிக்க ஓடினான்.